பிரெஞ்சு நாடகத்தில் நான் செத்த விதம்

மெல்பேணின் நோபல் பார்க் பகுதியில் பாதி வீடுகளின் குசினி அலுமாரிகள் நான் செய்தவை. கோயிலின் மயில் வாகனம் என் கை வேலை. டான்டினோங்கில் என் பெயரில் தச்சுப் பட்டறை ஓடுகிறது. அங்கே சம்பளம் வாங்குகிறவர்களில் பட்டதாரிகளும் உண்டு. நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மெல்பேணில் இறங்கியபோது பையில் உளி இருந்தது, வாயில் 'யெஸ்', 'நோ' இரண்டும் இருந்தன. (அவற்றை மாறி மாறிச் சொல்லியே முதல் வேலை எடுத்தேன்.) பெருமைக்குச் சொல்லவில்லை. அது தானாக வருகிறது, நான் என்ன செய்ய?

இவ்வளவு செய்தும் ஒரு கதவு மட்டும் எனக்குத் துரோகம் செய்தது.

எழுபதுகளின் கடைசி. கார்த் தொழிற்சாலையில் தற்காலிக வேலை. அப்போதுதான் ஒரு கல்லூரியில் பிரெஞ்சு படிப்பிக்கிற மார்கரெட் அம்மா, பழைய பிரெஞ்சுத் துயர நாடகம் ஒன்றை ஆங்கிலத்தில் போட ஆயத்தம் செய்தா. மேடை அமைக்க என்னைப் பிடித்தா. "நல்லாச் செய்தால் இங்கேயே நிரந்தரத் தச்சர்" என்றா. நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டதும் என் மனுசி பவளம் முருகனுக்கு நேர்த்திக்கடன் வைத்துவிட்டா.

தேத்தண்ணி குடித்தபடி மார்கரெட் எனக்குச் சரித்திரம் சொன்னா. பிரான்சிலும் முதலில் எங்கள் கூத்து மாதிரித்தானாம்: ஒரே நாடகத்தில் காடு, கடல், கலியாணம், கொலை. பிறகு படித்த ஆட்கள் கூடிச் சட்டம் போட்டார்கள். ஒரே இடம், ஒரே நாள், ஒரே கதை. மூத்த நாடகப் புலவர் ஒருவர் ஒரு நாளுக்குள் காதல், சண்டை, வழக்கு எல்லாவற்றையும் அடைத்துப் பண்டிதர்களிடம் ஏச்சு வாங்கினாராம். (நகரசபை அனுமதி இல்லாமல் மேல்மாடி கட்டினவனின் கதி.) அடுத்து வந்த இளையவர் அதே சட்டத்துக்குள் நின்று, ஒரு அறைக்குள் நாலு பேரைக் கதைக்கவிட்டே சனத்தை அழ வைத்தார். இன்னொருவர் சிரிப்புக்காரர். எழுதினதில் தானே நடித்து, மேடையில் சுகமில்லாமல் போய், வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு செத்தார்.

"சட்டப்படி மேடையில் சாகக் கூடாது, மிஸ்டர் ராசா. சாவு வெளியே. தூதன் வந்து சொல்லுவான்."

"ஏன் காட்டினால் என்ன?"

"நாகரிகம்."

எங்கள் ஊர்க் கூத்தில் வீரன் சாகத் தொடங்கினால் விடிந்துவிடும். இருந்தாலும் வாயை மூடிக்கொண்டேன். நிரந்தரம் அல்லவா.

அவ கேட்டது துணி ஒட்டின பொய்க் கதவு இரண்டு. ஒரே இடமென்றால் ஒரே கதவு போதாதா? அசல் மரத்தில் ஒன்று செய்தேன், காற்றும் நுழையாத பொருத்தம். நாடகம் போட்ட அன்று காலை வெயில் கொளுத்தியது. பின்னேரம் மழை. பிரெஞ்சுக்காரன் ஒரு நாளுக்குள் ஒரு கதையைத்தான் வைத்தான். மெல்பேண் நாலு பருவத்தையும் வைக்கும். மண்டபத்தின் பின்கதவால் சாரல் அடித்தது. என் கதவின் மரம் ஈரத்தில் ஊதி, நிலையில் இறுகியது.

கடைசி அங்கம். தளபதி போருக்குப் போய்விட்டான். ராணியும் ராசாவும் செய்திக்குக் காத்து நிற்கிறார்கள். தூதனாக நடித்த பீட்டர் வெளியிலிருந்து கதவைத் தள்ளினான். அசையவில்லை. தோளால் இடித்தான். அசையவில்லை. (அதுதான் என் வேலையின் தரம்.) மேடை ராசா "யாரோ வருகிறார்கள்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "இன்னும் வருகிறார்கள்" என்றான். சபையில் சிரிப்பு கிளம்பியது.

கூத்தில் ஒருவன் பிந்தினால், கதை தெரிந்தவன் பாய்ந்து சபையைப் பிடிப்பான். அது எங்கள் வழக்கம். ஒத்திகை முழுக்கப் பார்த்த எனக்குக் கதை தெரியும். ஆகவே சுத்தியலோடு, அரண்மனைச் சுவரைச் சுற்றிக்கொண்டு மேடைக்குப் போனேன். ஆங்கிலம் அவ்வளவுக்கு வராது. அதனால் செத்துக் காட்டினேன். வாள் பாய்ந்தது, சுழன்றேன், முழங்காலில் விழுந்தேன், எழும்பினேன், திரும்ப விழுந்தேன், தமிழில் ஒரு ஒப்பாரியும் வைத்தேன்.

முன்வரிசையிலிருந்து பவளத்தின் குரல்: "இஞ்சாருங்கோ, எழும்புங்கோ! வேலை போகப் போகுது!"

பிணம் எப்படி எழும்பும்?

அந்த நேரம் பார்த்துக் கதவு பிளந்தது. பீட்டர் பறந்து வந்து என்னில் தடக்கி விழுந்து, எழுந்து, பாடமாக்கினதை ஒரு சொல் விடாமல் சொன்னான்: தளபதி தொலைதூரத்தில், யாரும் காணாத கரையில் இறந்துவிட்டான். சபை காலடியில் கிடந்த என்னைப் பார்த்தது. எனக்குத் தும்மல் வந்தது.

அதற்குப் பிறகு நாடகத்தின் ஒரு சொல்லும் ஒருவருக்கும் கேட்கவில்லை. ராணி அழ வேண்டிய இடத்தில் முகத்தை மூடிக்கொண்டா. தோள் குலுங்கினது அழுகையால் அல்ல.

திரை விழுந்ததும் மார்கரெட் வந்து நின்றா. "துயர நாடகம் கேட்டேன், மிஸ்டர் ராசா. நீங்கள் சிரிப்புக்காரரைக் கொண்டுவந்துவிட்டீர்கள்."

"சனம் எழும்பி நின்று கைதட்டினது, மேடம்."

"அதுதான் பிரச்சினை."

நிரந்தர வேலை துணிக் கதவு செய்கிற ஒருவனுக்குப் போனது. அந்தக் கோபத்தில்தான் பட்டறை தொடங்கினேன். பவளம் நேர்த்தியைத் தீர்த்தா. முருகன் கேட்டதைவிடப் பெரிசாகத் தந்துவிட்டானாம். (பட்டறை நான் கட்டியது. புகழ் முருகனுக்கு.) இன்றைக்கும் வீட்டில் குளியலறைக் கதவு இறுகினால் பிள்ளைகள் கத்துவார்கள்: "அப்பா, ஓடி வந்து செத்துக் காட்டுங்கோ!"

போன மாதம் அந்தக் கல்லூரியில் பழைய நாடகப் படங்களைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். ராசா, ராணி, பீட்டர் எல்லோருக்கும் பெயர் உண்டு. கீழே கிடக்கிற ஆளுக்கு இல்லை. பொறுப்பானவர்கள் இதை வாசித்தால் உடனே திருத்த வேண்டும். அதிகம் கேட்கவில்லை, ஒரு வரி போதும்: 'கதவும் பிணமும்: சின்னராசா, நோபல் பார்க்.'