அசல் சமையல்: விதி எண் ஏழு

சட்டாம்பிள்ளை என்றால் அந்த அடுக்குமாடியில் தெரியாதவர் இல்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர். படிக்கட்டில் செருப்பு விடுவதிலிருந்து மொட்டைமாடியில் துணி காயப்போடுவது வரை விதி எழுதி, முத்திரை குத்தி, கீழே பலகையில் ஒட்டிவிடுவார். அவர் மனைவியைத் தவிர எல்லாரும் அதைப் படிப்பார்கள்.

சங்கக் கூடத்தின் திறப்பு விழா வந்தது. விருந்துக்கு வீட்டுக்கொரு பண்டம். சட்டாம்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏழாம் விதியை எழுதினார்: "நம் நாட்டு அசல் உணவு மட்டுமே. வெளியிலிருந்து வந்த சமையல் விருந்தில் சேராது."

எழுதிய கையோடு மூன்றாம் மாடி ரொட்டிக்காரர் மனைவியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தார். ரொட்டிக்காரரின் அப்பா கப்பலேறி வந்தவர். வெங்காயம் அடைத்து அவர்கள் சுடும் ரொட்டிக்குக் காலையில் தெருவே வரிசையில் நிற்கும். சட்டாம்பிள்ளையும் நின்றவர்தான்.

"என்னங்க, அவ பேரை எதுக்கு அடிச்சீங்க? மாவைப் பாதியில போட்டுட்டு அழுறா."

"விதிக்குக் கண்ணு கிடையாது."

"அவ இங்கேயே பிறந்தவ!"

"ரொட்டி இங்க பிறக்கலையே! வந்தது வந்ததுதான், அசல் அசல்தான்."

"அப்ப வந்தவங்க சமையல் அசல் ஆகாது?"

"ஆகவே ஆகாது!"

"சரி" என்றாள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவர் பயந்த ஒரே சொல் அதுதான்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால் அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அவள் காலை நீட்டிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பாடு?"

"இந்தக் குடும்பத்துல பிறந்தது யாரு?"

"நான்தான்."

"நான்?"

"நீ... கல்யாணம் பண்ணி வந்தவ."

"பாத்தீங்களா? வந்தவ சமையல் அசல் இல்ல. செயலாளர் வீட்டுலயே விதியை மீறலாமா? எழுந்து அடுப்பைப் பத்த வைங்க."

"சமைக்கிறது என்ன மலையைப் புரட்டுற வேலையா?" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். அன்று வடித்த சோற்றில் மேலே அரிசி, நடுவே கஞ்சி, அடியில் கரி. ஒரே பானையில் மூன்று பண்டம். இரண்டாம் நாள் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது; புளி ஒரு தடவையும் விழவில்லை. அவளோ எதிரே உட்கார்ந்து வெங்காய ரொட்டியைப் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டாள்.

"அது வெளிச் சாப்பாடு!"

"நானும் வெளி ஆளுதானே!"

மூன்றாம் நாள் ரொட்டி வாசனை படியிறங்கி வந்து அவரை மூக்கைப் பிடித்து இழுத்தது. ஆனால் சட்டாம்பிள்ளை விதியை வாபஸ் வாங்கியதாகச் சரித்திரமே இல்லை. திருத்தலாமே! மூன்றாம் மாடிக்கு ஏறினார்.

"உங்க அடுப்பு எத்தனை வருஷமா எரியுது?"

"நாப்பது" என்றார் ரொட்டிக்காரர். "எந்த வருஷத்துல சார் நாங்க இந்த ஊர் ஆளு ஆவோம்?"

சட்டாம்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். "ஏதோ பாத்துச் சேத்துக்கலாம்னு..."

உள்ளேயிருந்து மாவுக் கையோடு ரொட்டிக்காரர் மனைவி வந்தாள். "இரக்கப்பட்டுச் சேக்கறதா இருந்தா வேணாம் சார். இந்தத் தெரு தின்னு வளந்த ரொட்டி இது. அசல்னு எழுதி, முத்திரை குத்திக் குடுங்க. அப்பதான் அடுப்புல ஏத்துவேன்."

பசி முன்னே நின்றது. கௌரவம் பின்னே போய் ஒளிந்துகொண்டது. அங்கேயே உட்கார்ந்து எழுதினார்: "வந்து முப்பது ஆண்டு நிறைந்த எந்தச் சமையலும் அசலே." முழுப் பத்தாக வரும் எண் என்றால் அவருக்கு உயிர். ஓங்கி முத்திரை குத்தினார். அவள் பெயரைப் பட்டியலில் முதலாவதாகப் போட்டார்.

வெற்றி வீரனைப் போல வீட்டுக்குள் நுழைந்து காகிதத்தை நீட்டினார். "படிச்சுப் பாரு! இனி எவனும் வாயத் திறக்க முடியாது. சீக்கிரம் உலை வை, உயிர் போகுது."

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் எழுதிய விதியை அவள் படித்தாள். அதுவும் இரண்டு தடவை.

"என்னங்க, நமக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆகுது?"

மறக்காமல் இருக்கிறோமே என்ற பெருமையில் பட்டென்று சொன்னார். "இருபத்தொன்பது!"

அவள் தீப்பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இன்னும் ஒரு வருஷம் இருக்கு."