சம்பந்தியம்மா கற்பூரம் ஏற்றிய நீச்சல் குளம்

தண்ணீரைச் சூடு பண்ணுவது பெரிய வித்தை இல்லை. புருஷனை உள்ளே வைத்துக்கொண்டு சூடு பண்ணுவதுதான் வித்தை. எவ்வளவு சூடு போதும் என்று அடுப்புக்கும் தெரியாது, மூன்றாம் கிளாஸோடு நின்றுபோன எனக்கும் தெரியவில்லை.

எங்கள் வீடு ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில், கரும்புத் தோட்டத்தை ஒட்டியது. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. ரோட்டுக்கு ரோடு புளியமரம் குறுக்கே படுத்துக் கிடக்கும். போலீஸ் கூட்டிக்கொண்டு போன பிள்ளைகள் திரும்பாத வீடுகள் இருந்ததால், ஊரில் யாரும் சத்தமாகச் சிரிக்க மாட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் கரும்பு வண்டியிலிருந்து விழுந்தார். எலும்பு கூடிவிட்டது. வலது முட்டி மட்டும் மடங்கமாட்டேன் என்று விட்டது. (மனுஷனின் குணமும் அப்படித்தான். அது விழுவதற்கு முன்னாலிருந்தே.)

மூத்தவள் மல்லிகாவுக்குத் திருக்கோவிலூர் பக்கம் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். விழுந்தவரைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, அவர் நீட்டிய காலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனைச்சிக்காதீங்க. மணையில சம்மணம் போட்டு ஒக்காந்துதான் தாரை வாத்துக் குடுக்கணும். இப்பிடிக் காலை நீட்டிக்கினு குடுத்தா, பொண்ண ஒதைச்சித் தள்ற மாரி இருக்கும். ஒங்க தம்பிய ஒக்கார வெச்சிடுங்க."

அவர்கள் போன பிறகு வீட்டுக்காரர் மணைப்பலகையை எடுத்து வரச் சொன்னார். உட்காரப் பார்த்துச் சாய்ந்து விழுந்தார். தூக்கப் போனேன்.

"வுடு. எம் பொண்ண நான்தான் குடுப்பேன்."

அவர் கண் கலங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கள்ளக்குறிச்சி டாக்டர், நெஞ்சளவு வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் நடந்தால் முட்டி இளகும் என்றார். பாண்டிச்சேரியில் அப்படி நீச்சல் குளம் வைத்த ஆஸ்பத்திரி இருக்கிறதாம். பாண்டிச்சேரி எங்கே போவது, கள்ளக்குறிச்சிக்கே பஸ் இல்லை. கிணற்றில் இறங்கலாம் என்றால், எங்கள் கிணற்றில் மிதக்கலாம், மூழ்கலாம், நடக்க மட்டும் முடியாது.

"நாமளே பின்னாடி ஒரு நீச்சல் குளம் கட்டிப்புடலாம் அண்ணி," என்றான் என் கொழுந்தன் ஏழுமலை. பி.காம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல், அந்தக் கோபத்தில் மறியலுக்குப் போய் மரம் வெட்டிக்கொண்டிருந்த பிள்ளை. மரம் வெட்டாத நாளில் குளம் வெட்டினான். கல்வராயன் அடிவாரத்திலிருந்து கருங்கல் பலகைகள் மாட்டு வண்டியில் வந்தன. வழியில் அவனே வெட்டிப்போட்ட மரத்தைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது. அதை நாங்கள் அவனிடம் சொல்லிக் காட்டவில்லை. (அடிக்கடி சொல்லிக் காட்டவில்லை.)

குளம் நிறைந்தது. மார்கழி மாசம். மலையிலிருந்து இறங்குகிற காற்று அந்தத் தண்ணீரைத் தொட்டுவிட்டு வந்தால், தொழுவத்து மாடே நடுங்கியது. முதலில் அண்டாவில் வெந்நீர் வைத்து ஊற்றினேன். அடுத்த அண்டா கொதிப்பதற்குள் முதல் அண்டா குளிர்ந்துபோனது. கரண்ட் ராடு போடலாம் என்று ஏழுமலை சைக்கிளில் கள்ளக்குறிச்சி போய், கடைக்கார பாயைக் கேட்டான். திரும்பி வந்து அவர் சொன்னதை அப்படியே சொன்னான்.

"தம்பி, இந்த ராடு ஒரு பக்கெட் தண்ணிக்கு. ஒங்க கொளத்துக்கு ஒரு டிரான்ஸ்பார்மரே வேணும். அத உள்ள போட்டா அண்ணனுக்கு முட்டி வலி போவும், அண்ணனும் போயிடுவாரு."

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. மில்லுக்குப் போகவேண்டிய கரும்பு, மறியலால் தோட்டத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது. எல்லோரையும் போல நாங்களும் வெல்லம் காய்ச்ச ஆரம்பித்திருந்தோம். கொப்பரைக்குக் கீழே எரிகிற அனல் பின்பக்கப் புகைபோக்கி வழியாகச் சும்மாதானே ஆகாயத்துக்குப் போகிறது? அதைக் குளத்தின் அடித்தளக் கல்லுக்குக் கீழே விட்டுச் சுற்றி அனுப்பினால் என்ன? இறங்கியவுடன் இதமாக இருக்கட்டும் என்று, படிக்கட்டையும் அடுப்புப் பக்கமாகவே வைக்கச் சொன்னேன்.

நான்கைந்து நாள் சொர்க்கம். முந்தின நாள் அடுப்பின் சூட்டில், காலையில் வீட்டுக்காரர் கோமணத்தோடு இறங்கி ராஜா மாதிரி நடப்பார். முட்டி மட்டும் மடங்கவில்லை.

அப்புறம் கரும்பு ரொம்பவும் காய ஆரம்பித்தது. அன்று விடியலிலேயே அடுப்பு மூட்டி, ஒரு கொப்பரை இறக்கியதும் அடுத்த கொப்பரை ஏற்றினோம். வீட்டுக்காரர் வழக்கம்போல இறங்கி, குளத்தின் மறுகோடிக்கு நடந்தார். ஏழுமலை கரும்புச் சக்கையைத் தள்ளித் தள்ளி எரித்தான். நான் துடுப்பால் பாகைக் கிண்டிக்கொண்டிருந்தேன். பதம் வருகிற நேரம். அந்த நேரத்தில் நெருப்பைக் குறைத்தால் வெல்லம் கட்டாது, ஒரு வண்டிக் கரும்பும் கூழாகிவிடும்.

"அடியே," என்று சத்தம் வந்தது. "கல்லு சுடுதுடி."

"கொஞ்சம் பொறுத்துக்கினு நில்லுங்க. பதம் வருது."

"எனக்குந்தான்டி வருது."

ஏறி வரச் சொன்னேன். ஏறுகிற படி அடுப்புப் பக்கம். அந்தப் பக்கக் கல் தோசைக்கல்லாகிவிட்டது. இரண்டடி எடுத்து வைத்தவர் திரும்பி ஓடினார். சரி, நெருப்பை இழுத்துவிடலாம் என்று ஏழுமலையிடம் வாயைத் திறக்கிறேன், சம்பந்தியம்மா வந்து நிற்கிறார்.

பஸ் இல்லாததால் மகனோடு வயல் வரப்பில் நடந்தே வந்திருக்கிறார். கையில் வெற்றிலை, பழம், கற்பூரத்தோடு தாம்பூலத் தட்டு. நாள் குறிக்க வந்தவரின் எதிரே ஆவி மேகமாக எழும்புகிறது. ஆவிக்கு நடுவில் என் புருஷன், தலைமுடி முகத்தில் ஒட்டி, கண் பிதுங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் எகிறி எகிறிக் குதிக்கிறார். சம்பந்தி எதிரில் சூட்டுக்குக் கத்துவது கௌரவக் குறைச்சல் என்று வாயை மூடிக்கொண்டதால், உறுமல் மட்டும் வருகிறது.

சம்பந்தியம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி வந்திருக்கு," என்றார் மெதுவாக. "எந்த சாமி வந்திருக்கீங்க?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்துப் பல்லிடுக்கில், "நெருப்பு… நெருப்பு…" என்றார்.

"நெருப்பு கேக்குது." அந்தம்மாள் வெற்றிலையில் கற்பூரத்தை வைத்து ஏற்றி, படியோரமாகக் குனிந்து நின்று காட்டினார். கீழே என் நெருப்பு, மேலே அவர் நெருப்பு. ஏறுவதற்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துக்கொண்டார்.

"இந்தத் தையிலியே கல்யாணத்த வெச்சிக்கலாமா சாமி?"

"வெச்சிக்க. தள்ளிப் போ."

"தகப்பனே தாரை வாக்கலாமா?"

"வாப்பான்… நவுரு தாயே, நவுரு."

அப்போதுதான் என் பக்கத்தில் நின்ற மல்லிகா கையைப் பிடித்தாள். "அம்மா, அப்பா முட்டியப் பாரு."

பார்த்தேன். ஒவ்வொரு குதிப்புக்கும் அந்த வலது முட்டி மடங்கி, நெஞ்சுவரை வந்து போயிற்று. நான் துடுப்பைப் போட்டேன். "ஏழுமலை, நெருப்ப இழுடா," என்று கத்தினேன். இழுத்தான். பாகு அடங்கியது. வெல்லம் போயிற்று.

சம்பந்தியம்மா தள்ளி நின்றதும் வீட்டுக்காரர் அந்தச் சுடுகல்லை ஒரே தாவில் தாண்டி மேலே வந்தார். வந்தவர் ஈரமண்ணில் பொத்தென்று உட்கார்ந்து, வெந்த உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். அதைப் பார்க்க அவர் உட்கார்ந்திருந்தது சம்மணம் போட்டு.

எல்லோரும் அந்தக் காலையே பார்த்தோம். அவரும் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முதலில் ஏழுமலைதான் சிரித்தான். அந்த மறியல் காலத்தில் எங்கள் தெருவில் சத்தமாகக் கேட்ட சிரிப்பு அதுதான்.

தையில் கல்யாணம் நடந்தது. உள்ளங்காலில் மஞ்சளும் வெண்ணெயும் பூசிக்கொண்டு, அவரே மணையில் சம்மணம் போட்டுத் தாரை வார்த்தார். விருந்துப் பாயசத்தில் கட்டாமல்போன அந்தப் பாகைத்தான் ஊற்றினோம். உண்மையைச் சம்பந்தியிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"சாமின்னே இருக்கட்டும். கல்லு சுட்டுக் குதிச்சேன்னு தெரிஞ்சா எம் மரியாத இன்னாவறது?"

அவர் போய்ச் சேர்ந்தும் வருஷமாகிறது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளையாவது முரண்டு பிடித்தால், "கொளத்துல எறக்குங்கடி, மடங்கும்," என்பார்கள். சம்பந்தியம்மா தை தவறாமல் வந்து, வறண்டுபோன அந்தக் குளத்தின் படியில் கற்பூரம் ஏற்றுகிறார்.

போன தையில் ஏற்றிவிட்டு, எழுந்திருக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "முட்டி மடங்க மாட்டேங்குது சம்பந்தி. அன்னிக்கு அவருக்கு வந்த சாமி எனக்கு ஒரு தபா வரக் கூடாதா?"

மாமியாரோடு வந்திருந்த மல்லிகா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"வரும் சம்பந்தி," என்றேன். "நீங்க எறங்கி நில்லுங்க. நான் போயி சக்கை அள்ளிக்கினு வரேன்."