கொளஞ்சிநாதன் பார்த்துக்கொண்ட கீரை

கொளஞ்சிநாதன் முதல் ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, குவார்ட்டர்ஸ் மாடியேறி, சின்ன ரூமை எட்டிப் பார்த்தபோது கீரையெல்லாம் படுத்திருந்தது.

சாதாரண வாட்டம் இல்லை. கல்யாணச் சாப்பாடு முடிந்து பாயில் சாய்ந்த மாமன்மார்களைப் போல, வெள்ளைக் குழாய்களின் இரண்டு பக்கமும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தது.

காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. பிளக் பாயிண்டில் இஸ்திரிப் பெட்டியின் வயர் இருந்தது. காலையில் சட்டை தேய்க்கும் அவசரத்தில் தண்ணீர் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டவன் அவன்தான். அப்புறம் மாட்ட மறந்துபோனான். மே மாத வெயில், பூட்டிய ரூம். சட்டை இன்னும் விறைப்பாக இருந்தது. கீரைதான் இல்லை.

"போச்சுடா" என்றான்.

கீரை, பாலக்கு வகை, அவன் மனைவி சத்யாவுடையது. மண்ணே கிடையாது. குழாயில் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு செடி வைத்து, சத்து கலந்த தண்ணீரை உள்ளே ஓட விட்டு, மேலே ட்யூப் லைட் கட்டி வளர்ப்பது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள்.

ஆரம்பத்தில் கொளஞ்சிநாதன் சிரித்தான். "மைன்ஸ்ல ஊறுற தண்ணிய நாள் பூரா இறைச்சு வெளிய தள்ளிட்டு வர்றேன். நீ வீட்டுக்குள்ள இழுத்து விடுற. இதுல கீரை வந்தா என் பேர மாத்திக்கிறேன்."

கீரை வந்தது. அவன் பேரை மாற்றிக்கொள்ளவில்லை, குவார்ட்டர்ஸ் பிளாக்கே மாற்றிவிட்டது. அதுவரை 'பம்ப் ஆபரேட்டர் சம்சாரமாக' இருந்தவள் 'கீரை சத்யா' ஆனாள். அவன் 'கீரை சத்யா வீட்டுக்காரர்' ஆனான். பி.எஸ்ஸி. படித்துவிட்டு இத்தனை வருஷம் அடுப்படியில் நின்றவளை, லேடீஸ் கிளப்பில் கிளாஸ் எடுக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போக நாளைக் காலையில் கிளப் பெண்கள் வருகிறார்கள்.

சத்யா நெல்லிக்குப்பத்துக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். கிளம்பும்போது திரும்பத் திரும்பச் சொன்னாள்: "யாரையும் ரூமுக்குள்ள விடாதீங்க. செடியத் தொடாதீங்க. மோட்டார் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கட்டும். வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

அந்த ஒன்றைத்தான் அவன் செய்யவில்லை.

பிளக்கை மாட்டினான். மோட்டார் முனகியது. கீரை எழுந்திருக்கவில்லை. கூட வேலை பார்க்கும் சிலம்பரசனைப் போனில் கூப்பிட்டான். பம்ப் செக்‌ஷனில் அவன் கை வைத்து ஓடாத மோட்டார் இல்லை என்று பேர்.

சிலம்பரசன் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "இதாண்ணே மோட்டாரு? மீன் தொட்டியில போடுறது. கொசு குளிக்கக்கூட பத்தாது. வேருக்கு பிரஷர் குடுத்தா ஜம்முனு நிமிரும் பாருங்க."

"நிமிருமா?"

"நானாச்சு."

தன் வீட்டில் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரைப் பைக்கில் கட்டி எடுத்து வந்தான். மாட்டினான். சுவிட்சைப் போட்டான்.

குழாய் ஒரு தடவை உறுமியது. அடுத்த நொடி ஓரத்து மூடிகள் டப்பு டப்பென்று தெறித்தன. ஓட்டைகளிலிருந்து கீரைகள் வரிசையாகக் கிளம்பின. ஒன்று சுவரில் ஒட்டியது. ஒன்று ஃபேன் இறக்கையில் போய் உட்கார்ந்தது. ஒன்று சிலம்பரசனின் சட்டைப் பைக்குள் கச்சிதமாக இறங்கியது.

"நிறுத்துடா!"

"சுவிட்சு நனைஞ்சுபோச்சுண்ணே!"

கொளஞ்சிநாதன் ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் சத்துத் தண்ணீர் ஹாலைக் கடந்து, பால்கனி ஓட்டை வழியாகக் கீழே இறங்கிவிட்டது. கீழே, கீழ் வீட்டு ஜானகியம்மாள் அரிசி வத்தல் காயப் போட்டிருந்தாள்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் வந்தது. சின்ன ரூம் கதவை இழுத்துச் சாத்தினான்.

"ஏம்பா கொளஞ்சி! ஊரெல்லாம் வெயில் காயுது, எங்க வத்தல் மேல மட்டும் மழை பெய்யுதே?"

"வீடு கழுவினேங்க்கா. நாளைக்கு சத்யா வர்றால்ல?"

ஜானகியம்மாளின் கோபம் பாதியில் நின்றுவிட்டது. "பொண்டாட்டி வர்றான்னு வீடு கழுவுற ஆம்பளையா! இந்த பிளாக்லயே இப்பதாம்பா பாக்குறேன். வத்தல் போனா போவுது. சரி, வந்ததுக்கு அந்தக் கீரையையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன்."

"வேணாங்க்கா! கீரை தூங்குது."

"கீரை தூங்குமா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவனுக்கு, ஆரம்பித்தால் நிறுத்தவும் தெரியவில்லை. "தண்ணிக் கீரை தூங்கும். மத்தியானத்துல லைட்ட அணைச்சுத் தூங்க வைக்கணும். சத்தம் கேட்டா வளர்ச்சி நின்னுடும்."

ஜானகியம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போனாள். அன்று மாலை அந்தக் கட்டடத்தில் ஒரு டிவிகூட அலறவில்லை.

"இப்ப என்னடா பண்றது?" என்றான் கொளஞ்சிநாதன். சிலம்பரசன் சட்டைப் பையிலிருந்து செடியை எடுத்து மேசைமேல் வைத்தான். "வேரோட கீரை வாங்கி ஓட்டையில சொருகிடலாம்ணே. யாரு கண்டா?"

மார்க்கெட் ஓரத்தில் கூடை வைத்துக் கீரை விற்கிற வீரம்மாளிடம் போனார்கள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து விற்பவள்.

"பாலக்கு இருக்குதாம்மா? வேரோட வேணும்."

வேர் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பாலக்கு தீந்துபோச்சி சார். சிறுகீர கீது, வேரோட. மண்ண அலசிக் குடுக்கட்டா?"

கும்பிட வேண்டும் போல இருந்தது அவனுக்கு.

வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் தரையைத் துடைத்து, மூடிகளை ஒட்டி, மீன் தொட்டி மோட்டாரையே திரும்ப மாட்டி, ஒவ்வொரு வேரையும் பஞ்சில் சுற்றி ஓட்டையில் சொருகினார்கள். குழாய்கள் பச்சைப்பசேலென்று நின்றன. இலைதான் வேறாக இருந்தது. உள்ளங்கை அகலம் இருந்த இடத்தில் கட்டைவிரல் அகலம்.

"இலைய அளந்தா பாக்கப்போறாங்க?" என்றான் சிலம்பரசன்.

மறுநாள் அவனுக்கு வார லீவு. காலையில் சத்யாவிடம் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாசலில் காத்திருந்தான். ஆனால் அவள் பஸ் இறங்கி வந்தபோதே கிளப் பெண்களும் கேட்டில் சேர்ந்துகொண்டார்கள். முன்னால் கிளப் செயலாளர் செங்கமலம் டீச்சர். பின்னால், செருப்பைக் கையில் பிடித்தபடி ஜானகியம்மாள்.

டீச்சர் குழாய்மேல் குனிந்தார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். "சத்யா, நீ பாலக்குன்னுதானே சொன்ன? இது சிறுகீரை மாதிரியில்ல இருக்கு?"

சத்யாவின் முகம் வெளுத்தது.

கொளஞ்சிநாதன் முந்திக்கொண்டான். "தண்ணிய மாத்தினோங்க டீச்சர். அதுல இலை கொஞ்சம் சுருங்கிடுச்சு."

"தண்ணிய மாத்தினா பாலக்கு சிறுகீரை ஆயிடுமா?"

"தூங்கி எழுந்ததுல அப்படி ஆயிருக்கும்" என்றாள் ஜானகியம்மாள் ரகசியக் குரலில்.

டீச்சர் அவளைத் திரும்பிப் பார்த்தார். சத்யா கணவனைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். ஃபேன் இறக்கையில் காய்ந்து ஒட்டியிருந்த பாலக்கு இலையைப் பார்த்தாள். கொளஞ்சிநாதனின் சட்டை முதுகில் நனைந்துவிட்டது.

"பயிர் சுழற்சிங்க டீச்சர்" என்றாள் சத்யா, குரல் நடுங்காமல். "ஒரே கீரையப் போட்டா தண்ணியில சத்துக் கெட்டுடும். அதான் மாத்தி மாத்தி வைக்கிறது. இவருக்கு அதெல்லாம் தெரியாது, பாவம்."

டீச்சரின் முகம் மலர்ந்தது. "சயின்டிஃபிக்கா பண்றியேம்மா! வர்ற மாசமே கிளாஸ் ஆரம்பிச்சிடு."

எல்லாரும் போனதும் கொளஞ்சிநாதன் நாற்காலியில் உட்கார்ந்து, இஸ்திரிப் பெட்டியில் ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னான். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டான். நிமிர்ந்து பார்த்தால் சத்யா சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிலம்பரசன் தம்பி பையிலயா?"

"ஆமா. உனக்குக் கோவம் வரலியா?"

"எதுக்குங்க கோவம்? என் பேரு கெடக் கூடாதுன்னுதானே இவ்ளோ பண்ணீங்க? செடி போனா போவுது, விடுங்க."

இவ்வளவு பெரிய மனசா என்று வியந்துபோனான். நேற்று மத்தியானத்திலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் ஒரேயடியாக இறங்கியது. எழுந்துபோய் அவனே இரண்டு டம்ளர் காப்பி போட்டுக்கொண்டு வந்தான். ஒரு வாய் குடிப்பதற்குள் வாசலில் மணி அடித்தது.

சத்யா கதவைத் திறந்தாள். இடுப்பில் கூடையோடு வீரம்மாள் நின்றாள். உள்ளே காப்பியும் கையுமாக இருந்தவனை அவள் கவனிக்கவில்லை.

"என்னா சத்யாம்மா, இந்த வாரம் ஆளையே காணோம்? நீ வாராவாரம் குழாயில சொருவ எடுத்துகினு போற பாலக்க நேத்து எவனோ ஒருத்தன் வேரோட கேட்டுகினு வந்தான், உனுக்குன்னு வெச்சத குடுப்பனா நானு, தீந்துபோச்சின்னு சொல்லி சிறுகீரைய அவன் தலையில கட்டிட்டேன்!"