தட்டு ஏந்திய பெண்ணின் சதுரப் படம்

மூன்றாம் முறையாகப் பக்ரியின் மனைவியை வெட்டி எறிந்துவிட்டார்கள்.

பதறாதீர்கள், வெட்டியது படத்தில்தான். ஒரு காலத்தில் ரமலான் மாதம் முழுக்கக் கெய்ரோவையே வீட்டோடு கட்டிப்போட்ட தொடர் ‘செம்புக் கொல்லர் சந்து’. அதற்கு ரசிகர்கள் நடத்தும் விக்கி இணையதளத்தில், கதாநாயகன் முஅல்லிம் ஸலாமாவின் பக்கத்துக்குப் பக்ரி ஒரு கல்யாணக் காட்சிப் படத்தைப் போட்டார். நாயகனுக்கு இடப்புறம் ஒரு பெண் தட்டோடு நிற்கிறாள். பழங்காலக் கதையாச்சே, கறுப்புப் போர்வை, முகத்தில் வலை, கண் மட்டும்தான் வெளியே. அதுதான் இன்ஸாஃப். துணைநடிகர் ஏஜெண்ட் அவர்கள் குடியிருந்த ஷுப்ரா பேட்டையில் வீடு வீடாகப் பெண்களைத் திரட்டியபோது போனவள். அவள் நடித்தது அந்த ஒரு காட்சிதான். போன வருஷம் அவளும் போய்ச் சேர்ந்தாள். டிவிக்காரர்கள் அந்தத் தொடரை எப்போதோ அழித்துவிட, வீட்டிலிருந்த வீடியோ டேப்பிலும் பூஞ்சை ஏறிவிட, அந்தக் காட்சியில் மிஞ்சியது இந்தப் படம் ஒன்றுதான்.

விக்கியின் நிர்வாகி ஹிபா, மன்சூரா நகரில் மருந்துக்கடை வைத்திருப்பவள், அதனாலேயே எல்லோருக்கும் டாக்டரம்மா. சட்டம் என்றால் சட்டம். படம் நானூறுக்கு நானூறு, சதுரம், பாத்திரத்தின் முகம் மட்டும். இன்ஸாஃப் வெட்டுப்பட்டாள்.

பக்ரி விடுவாரா? முழுப் படத்தையும் சுருக்கி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்துச் சதுரமாக்கினார். முகங்கள் கடுகாகிவிட்டன. இந்த விக்கி எறும்புகளுக்கா என்று ஒருவன் கேட்டான். ஹிபா மறுபடி வெட்டினாள்.

சதுரம்தானே வேண்டும் என்று இந்த முறை இடப்பக்கமாக நகர்த்தி வெட்டினார். இன்ஸாஃப் முழுசாக வந்தாள். முஅல்லிமுக்குத்தான் பாதி மீசை போய்விட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். படமும் போயிற்று, பக்ரிக்குத் தடையும் விழுந்தது.

மனிதர் உடைந்துபோனார். ஹிபாவுக்குக் குரல் செய்தி அனுப்பினார், அதில் பாதி அழுகை.

“டாக்டரம்மா, ஓரத்துல நிக்கிறது என் பொண்டாட்டிம்மா. மீசையை நீங்களே வச்சுக்கங்க. அவளை மட்டும் விட்டுடுங்க.”

ஹிபாவும் உருகி அழுதுவிட்டாள். அந்தப் பெண்ணுக்குத் தனிப் பக்கமே திறப்பதாகச் சொன்னாள்.

“ஆனா படம் சதுரமாத்தான் இருக்கணும் ஹாஜி. உங்க கையாலயே வெட்டிக் கொடுங்க.”

அழும்போதும் சட்டம் பேச அவளால்தான் முடியும். சண்டைக்குக் காரணமான பழைய படங்களையெல்லாம் தளத்திலிருந்து துடைத்தும் விட்டாள்.

பக்ரி போனைக் கையில் எடுத்தார். அந்தக் கண்களை நடுவில் நிறுத்தினார். முஅல்லிம், வலப்பக்கம் தட்டோடு நின்ற இன்னொரு வலை போட்ட பெண், பந்தல், விளக்கு எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டி, பழைய படத்தின் மேலேயே சேமித்தார்.

‘தட்டு ஏந்திய பெண்’ பக்கம் திறந்ததும், இறைவன் அவளுக்கு அருள் புரியட்டும் என்று குவைத்திலிருந்துகூட எழுதினார்கள். மீசைக்காகத் திட்டியவனே அவளுக்காக ஃபாத்திஹா ஓதினான். பாவம், அன்றைக்குத்தான் பக்ரி வயிறாரச் சாப்பிட்டார்.

மைத்துனி தஹானியை வரவழைத்துப் பெருமையாகக் காட்டினார். அந்தப் படப்பிடிப்புக்கு அக்காளுக்குத் துணையாகப் போனவள் அவள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“மச்சான், இது நான். அக்கா அந்தப் பக்கம் நின்னா, நீங்க வெட்டிப் போட்ட பக்கம்.”