ஜம்புநாதன் சலூன் மாற்றிய கதை

இனிமேல் தலையே போனாலும் நிமாயிடம் தலையைக் கொடுப்பதில்லை என்று ஜம்புநாதன் தீர்மானித்தார். செவ்வாய்க்கிழமை காலை, வாயில் பிரஷ்ஷும் நுரையுமாகக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று எடுத்த தீர்மானம். நுரை இருந்ததால் உரக்கச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் மனைவி ஷியாமளாவின் காதில் விழுந்திருக்கும். அப்புறம் தீர்மானமாவது மண்ணாங்கட்டியாவது.

நிமாய், லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரே ஒரு நாற்காலி போட்டு முடிவெட்டும் கடை வைத்திருப்பவர். ஜம்புநாதன் ரயில்வே அதிகாரி. மாற்றலாகிக் கல்கத்தா வந்த முதல் மாசம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்துகொண்டிருக்கிறார். இதற்குள் தலையில் முக்கால்வாசி முடி போய்விட்டது. நிமாயின் பேச்சில் ஒரு இழைகூடக் குறையவில்லை.

தான் பேசினால் பரவாயில்லை, அடுத்தவரையும் பேசவைப்பார் மனுஷன். கழுத்தில் துணியைக் கட்டி, தலையில் புஸ் புஸ்ஸென்று தண்ணீர் அடித்து, "அப்புறம், தாதா?" என்பார். அவ்வளவுதான். ஆபீஸில் ஒரு ஃபைலைத் திறக்கப் பத்து நாள் யோசிக்கிற ஜம்புநாதன், அங்கே வாயைத் திறந்தால் மூடமாட்டார். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். நம் பக்கத்தில் அதற்கு வேறு அர்த்தம். அந்த வேறு அர்த்தத்தில் ஜம்புநாதனை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை, வீட்டில் நிச்சயமாக இல்லை.

வீட்டில் அவருடைய பிரச்சினையே வேறு. எந்த ரகசியமும் தங்குவதில்லை. போன குளிர்காலத்தில், ஷியாமளா பின்னிக் கொடுத்த கத்தரிப்பூக் கலர் ஸ்வெட்டரை லோக்கல் ரயிலில் வேண்டுமென்றே மறந்துவிட்டு வந்தார். தொலைந்துபோச்சு என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்லவும் செய்தார். அடுத்த வாரமே அவள் அதே கலரில் இன்னொன்று ஆரம்பித்தாள், இந்தத் தடவை ரயில் பெட்டிக்குள் கழற்ற முடியாதபடி கழுத்தை இறுக்கமாக வைப்பதாகச் சொன்னாள். ஏப்ரலில் ஆபீஸ் வாசலில், முட்டைக்கு மசாலாவால் கவசம் போட்டு எண்ணெயில் பொரித்த பதார்த்தம் ஒன்றை, ஆசாரமான குடும்பத்தில் பிறந்த ஜம்புநாதன், கண்ணை மூடிக்கொண்டு தின்றார். ஒன்று இல்லை, மூன்று. இரண்டே நாளில் ஷியாமளா சாம்பாரைப் பரிமாறிக்கொண்டே, "ஏன்னா, முட்டை உடம்புக்குச் சூடு இல்லையோ?" என்று பொதுவாகக் கேட்டாள்.

எப்படித் தெரிகிறது இவளுக்கு? போனில் பாஸ்வேர்டை மாற்றினார். ஆபீஸ் சிநேகிதர் அனந்தகிருஷ்ணனைச் சந்தேகப்பட்டார். அவர் பாவம், தன் மனைவி ராஜலக்ஷ்மியிடமே பயந்து பயந்து பேசுகிறவர். கடைசியில் அந்தச் செவ்வாய்க்கிழமைதான், பல் தேய்த்துக்கொண்டே, ஒவ்வொரு விபத்துக்கும் முந்தின நாள் என்ன நடந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தார். ரயில்வேக்காரர் இல்லையா, அது பழக்கம். எல்லாத் தடமும் ஒரே இடத்துக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை முடிவெட்டல். திங்கட்கிழமை, ஷியாமளாவின் புடவைகளுக்கு ஃபால் தைத்துக்கொடுக்க மாலதி வருவாள். மாலதி, நிமாயின் மனைவி.

பிரஷ் கையிலிருந்து நழுவியது.

சாதாரண சமயமாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பார். இந்தத் தடவை விட முடியாது. துர்கா பூஜைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து மச்சினன் சிவராமகிருஷ்ணன், பெண்டாட்டி விஜயலக்ஷ்மி, இரண்டு வாண்டுகள் என்று சகுடும்பமாக வருகிறான். போன தடவை வந்தபோது, தெருவுக்குத் தெரு துர்கை சிலை வைத்துப் போடுகிற பந்தல்களில் மூன்று நாளில் நாற்பத்தொன்றைப் பார்த்தாயிற்று. ஒரு வாண்டு ஜம்புநாதனின் தோளில், இன்னொன்று அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு பந்தலிலும் மச்சினன், "அத்திம்பேர், இதைவிடப் பெரிசா வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்பான். அந்த வருஷம் விஜயதசமிக்கு ஜம்புநாதன் முழங்காலில் வெந்நீர்ப் பையோடு படுத்திருந்தார்.

அதனால் ஒரு திட்டம். சாந்த்ராகாச்சி யார்டில் சஷ்டியிலிருந்து தசமி வரை ஸ்பெஷல் டியூட்டி என்று வீட்டில் சொல்வது. சொல்லிவிட்டு அனந்தகிருஷ்ணனோடு நைசாகப் பூரிக்குப் போய்விடுவது. கடலைப் பார்த்த மாதிரி ஆளுக்கொரு அறை. நாலு நாளும் தூங்குவது, எழுந்தால் கடலைப் பார்ப்பது, மறுபடி தூங்குவது. ஆயுசில் ஒரே ஒரு பூஜையாவது பந்தல் பார்க்காமல் கழிக்க வேண்டும். அதற்கு நிமாயின் நாற்காலியில் உட்காரவே கூடாது. ஆனால் முடியோ காதை மறைக்க ஆரம்பித்திருந்தது.

டாக்டரை மாற்றலாம், அவருக்கு நம் முகமே ஞாபகம் இருக்காது. தையல்காரரை மாற்றலாம். முடிவெட்டுகிறவரை மாற்றுவதில் உள்ள சங்கடம் வேறெதிலும் கிடையாது. செய்த துரோகத்தைத் தலையிலேயே தூக்கிக்கொண்டு அவர் கடை வழியாக நடக்க வேண்டும். இருந்தாலும் ஜம்புநாதன் உறுதியாக இருந்தார். லேக் மார்க்கெட் பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ஏசி சலூன் ஒன்றில், செல்போனிலேயே நேரம் குறித்தார். அந்த ஆப்பில் ஒரு கேள்வி இருந்தது, வேலை நடக்கும்போது பேச்சு வேண்டுமா வேண்டாமா என்று. ஆகா, நாகரிகம் என்றால் இதுவல்லவா நாகரிகம் என்று பூரித்துப்போய், வேண்டாம் என்பதை இரண்டு தடவை அழுத்தினார்.

அங்கே மேக்னா என்று பெயர் அட்டை குத்தியிருந்த பெண் கைகூப்பி வரவேற்று நாற்காலியில் உட்காரவைத்தாள். பேச்சு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எப்படி வெட்டட்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை. கேட்காததால் அவரும் சொல்லவில்லை. மெஷின் காதுக்கு மேலே ஏறியது. இன்னும் ஏறியது. ஐயோ போதும் என்று தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தால் பழக்கதோஷத்தில் பூரியும் சேர்ந்து வந்துவிடுமோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டார். அரை மணியில் இரண்டு பக்கமும் வழவழ, நடுவில் மட்டும் மிச்சமிருந்த கால்வாசி முடி செங்குத்தாக நின்றது. இருபது வயசில் வைத்துக்கொண்டால் எடுப்பாக இருந்திருக்கும். ஜம்புநாதனுக்கு ஐம்பத்தெட்டு.

ஆனால் ரகசியம் தப்பித்தது. வெளியே வந்ததும் ஒரு தொப்பி வாங்கி மாட்டிக்கொண்டார். தலைமறைவு என்று பேப்பரில் போடுகிறார்களே, அது இதுதான். ஸ்டேஷனுக்கு நிமாயின் கடை வழியாகப் போவதை விட்டுவிட்டு, மூன்று சந்து சுற்றிப் போனார். நாலாம் நாள் மூன்றாவது சந்தின் டீக்கடையில் நிமாய் நின்றுகொண்டிருந்தார். தொப்பி முன்பக்கம் சரியாகத்தான் இருந்தது. முடிவெட்டுகிறவர் கண் முன்பக்கமா பார்க்கும்? நிமாய் அவருடைய பிடரியைப் பார்த்தார். குடித்த டீயைப் பாதியில் வைத்தார். அப்புறம் தாதா என்றுகூடக் கேட்காமல் போய்விட்டார். ஜம்புநாதனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஷியாமளா அந்தத் தலையை முதல் நாளே பார்த்துவிட்டாள். யார் வெட்டினது, எதற்கு வெட்டினது, ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் ஜம்புநாதனை உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனால், அங்கே ஒரு ஸ்டூல், ஒரு வாளித் தண்ணீர், பெட்டியோடு நிமாய்.

"நான்தான் வரச்சொன்னேன்" என்றாள் ஷியாமளா. "சிவு வரதுக்குள்ள இது மனுஷத் தலையா ஆகணும். உட்காருங்கோ."

உட்கார்ந்தார். பேசுவதில்லை என்ற தீர்மானத்தோடுதான் உட்கார்ந்தார். அன்றைக்கு என்னவென்றால் நிமாயும் பேசவில்லை. துணியைக் கட்டினார், தண்ணீர் அடித்தார், சீப்பால் வாரினார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து நிமிஷம் ஜம்புநாதன் தாங்கினார். ஆறாவது நிமிஷம் நிமாய் மெல்லக் கேட்டார்.

"என் கையில என்ன குறை கண்டீங்க, தாதா?"

"கையில ஒண்ணும் இல்லை நிமாய். வாயிலதான்."

நிமாய் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். கடையில் காதில் விழுந்ததை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை என்றார். மாலதியிடம்கூடவா என்று ஜம்புநாதன் கேட்டார். மாலதியிடம் சொல்வதுண்டு, மாலதி என்ன வேற்று மனுஷியா? சரி, அவள் யாரிடம் சொல்வாள்? அவள் ரொம்ப அழுத்தக்காரி, யாரிடமும் மூச்சு விடமாட்டாள், பௌதியிடம் மட்டும்தான் சொல்வாள். பௌதி என்றால் அண்ணி. அண்ணி என்றால் ஷியாமளா.

சொல்லி முடித்த பிறகுதான் நிமாய்க்கே விஷயம் உறைத்தது. முகம் செத்துப்போயிற்று. கத்தரியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இந்தக் கத்தரி மேல சத்தியம், தாதா. இனிமே மாலதிகிட்ட ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

கண் கலங்கியிருந்தது. ஜம்புநாதனுக்கும் நெஞ்சு என்னவோ செய்தது. எப்பேர்ப்பட்ட மனுஷனைச் சந்தேகப்பட்டுவிட்டோம்! ஓட்டை எங்கே என்று தெரிந்தாயிற்று, அடைத்தும் ஆயிற்று. இனி என்ன பயம்? அதோடு, கடைக்கு வராமல் போனதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டாமா? இத்தனை வருஷப் பழக்கத்துக்கு அதுதானே மரியாதை. முக்கியமான ரகசியம் ஒன்று இருந்தது, அதனால்தான் வரவில்லை என்று ஆரம்பித்தார். வேண்டாம் தாதா, எனக்குச் சொல்லாதீங்க என்றார் நிமாய். அப்படிச் சொல்பவரிடம் சொல்லாமல் இருக்க முடிகிறதா? சாந்த்ராகாச்சி டியூட்டி பொய் என்பது, பூரி, விடுதியின் பெயர், கடலைப் பார்த்த அறை, அனந்தகிருஷ்ணன், சஷ்டியன்று எத்தனை மணிக்கு ரயில், எல்லாவற்றையும் இடது காதில் ஆரம்பித்து வலது காதுக்குள் சொல்லி முடித்தார். இத்தனை நாளாக அடைத்துக்கிடந்த நெஞ்சு லேசாயிற்று. நடுவில் ஷியாமளா நிமாய்க்கு இரண்டு தடவை காபி கொண்டுவந்தாள். இரண்டு தடவையும் தான் சட்டென்று பேச்சை நிறுத்தியதை நினைத்து ஜம்புநாதன் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

சாந்த்ராகாச்சி டியூட்டியைப் பற்றி அன்று மாலையே வீட்டில் சொன்னார். ஷியாமளா உச்சுக்கொட்டி வருத்தப்பட்டாள். பண்டிகை நாளில் இப்படியா ஒரு மனுஷனை வேலை வாங்குவார்கள் என்று ரயில்வேயைக்கூடக் கோபித்துக்கொண்டாள். பஞ்சமியன்று மச்சினன் குடும்பம் வந்து இறங்கியது. சஷ்டியன்று காலை ஜம்புநாதன் பையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே ஆறு பை இருந்தது. வாண்டுகள் இரண்டும் தண்ணீர் பாட்டிலை மாட்டிக்கொண்டு தயாராக நின்றன. கீழே வேன் ஹாரன் அடித்தது.

"எங்கே கிளம்பறேள் எல்லாரும்?" என்றார்.

"விஜயலக்ஷ்மிக்கு ஜகன்னாதரைப் பார்க்கணுமாம். நீங்களும் இல்லாம இந்தக் கூட்டத்துல நான் ஒருத்தி இவாளை எங்கே இழுத்துண்டு அலையறது? நாலு நாள் கடலோரமா இருந்துட்டு வரோம்."

ஜம்புநாதன் பையைக் கீழே வைத்தார். "பூஜை சமயத்துல அறை எதுவும் கிடைக்காதே."

"கிடைச்சுடுத்து. கடலைப் பார்த்த மாதிரி ரெண்டு அறை. யாரோ ரயில்வேக்காரர் போட்டு வச்சிருந்தாராம், பாவம், அவருக்கு டியூட்டி வந்துடுத்தாம். ராஜலக்ஷ்மி மாமிதான் பேசி என் பேருக்கு மாத்திக் குடுத்தா. மாமாவும் மாமியும் நம்ம வேன்லயே வரா."

அனந்தகிருஷ்ணன் ஏன் இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை என்பது இப்போது புரிந்தது. நிமாய் மேல் குற்றம் சொல்ல வழியில்லை. அவர் சத்தியம் தவறவில்லை. மாலதிக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. இரண்டாவது காபி டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, நடுவில் யாரும் வேண்டாமென்று, நேரே பௌதியிடமே சொல்லிவிட்டார்.

ஜம்புநாதன் அசரவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வேண்டுமானால் இப்போதே ஆபீஸுக்குப் போன் போட்டு டியூட்டியை மாற்றிக்கொள்ளப் பார்க்கிறேன், குடும்பம்தானே முக்கியம் என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் கூடாது" என்றாள் ஷியாமளா. "நீங்க இல்லேன்னா சாந்த்ராகாச்சி என்ன ஆகறது?"

மச்சினன் உருகிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். அத்திம்பேர் மாதிரி நாலு பேர் இருப்பதால்தான் இந்த நாட்டில் ரயில் ஓடுகிறது என்றான். பைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஜம்புநாதனும் அவற்றில் இரண்டைத் தூக்கிப்போய் வேனில் வைத்தார், ஜன்னலோர சீட்டில் அனந்தகிருஷ்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியாக ஏறப்போன ஷியாமளா, ஏதோ ஞாபகம் வந்தவளாகத் திரும்பி, கணவன் கையில் ஒரு டிபன் டப்பாவைக் கொடுத்தாள்.

"தயிர் சாதம் வச்சிருக்கேன். உங்களுக்கு இதுதான். பூரி எங்களுக்கு."