லோக்கல் டைம் சாமியும் இரண்டு ஒண்ணே முக்காலும்

இந்த உலகத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வராத ஒரே மனிதர் எங்கள் மட்டாஞ்சேரி லோக்கல் டைம் சாமிதான். எல்லா இடத்துக்கும் இருபத்தைந்து நிமிடம் கழித்துத்தான் வருவார். அதைத் தாமதம் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வராது. சொன்னவர் மேல் பரிதாபம்தான் வரும்.

விஷயம் இதுதான். இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம். அந்த நேரம் வடக்கே மிர்சாப்பூர் பக்கமாகப் போகும் ஒரு கோட்டை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கொச்சி அந்தக் கோட்டுக்கு மேற்கே வெகுதூரம் தள்ளி இருப்பதால், எங்கள் ஊர்ச் சூரியன் உச்சிக்கு வர இருபத்தைந்து நிமிடம் கூடுதலாகும். நமக்கெல்லாம் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் சாமி தன் சுவர்க்கடிகாரம், கைக்கடிகாரம், செல்போன் மூன்றையும் இருபத்தைந்து நிமிடம் பின்னால் தள்ளி வைத்திருந்தார்.

"இந்தியா டைம்னு சொல்றேளே, அது மிர்சாப்பூர் டைமாக்கும். அங்கே சூரியன் தலைக்கு மேல வந்துட்டான்னு இங்கே பன்னெண்டு அடிக்கிறது. நம்ம சூரியன் பாவம், வந்துண்டே இருக்கான். அவனை விட்டுட்டு நாம மட்டும் மத்தியான ஊண் சாப்பிடலாமோ?" என்பார்.

எர்ணாகுளம் போகும் போட்டைப் படகுத்துறையில் தவறவிடுவது அவருக்கு வாரம் ஒருமுறை நடக்கும் காரியம். போட் பாதிக் காயல் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். சாமி குடையை ஊன்றிக்கொண்டு நின்று, "அவசரக்காரன்" என்று சொல்லிவிட்டு அடுத்த போட்டுக்கு உட்காருவார். சினிமாவுக்கு வந்தால் எந்தப் படத்திலும் கதாநாயகன் அறிமுகமாகும் காட்சியைப் பார்த்ததில்லை. ஆள் திடீரென்று நடுவில் முளைத்துப் பாட்டுப் பாடுகிறானே, யார் அவன் என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்பார்.

தொழில், ஜாதகம் கணிப்பது. மட்டாஞ்சேரியிலேயே செரளாய்ப் பக்கம் ஒரு சுக்குக் கிடங்குக்கு மேலே மாடியறை. ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு உலக வரைபடம், இரண்டு நாற்காலி. அவர் கணித்துத் தரும் ஜாதகம் எதுவாக இருந்தாலும் சுக்கு வாசனை அடிக்கும். என் ஜாதகத்தை வீட்டில் எடுத்துப் பிரித்தால் அப்பாவுக்கு இரண்டு தும்மலாவது வரும். எங்கள் மாதிரிப் பரம்பரையாகக் கொச்சியில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள், மலையாளிகள், குஜராத்திகள் என்று எல்லோரும் அவரிடம் வருவார்கள். எல்லோருக்கும் அவர் சாமி. எனக்கு மட்டும் மாமா. பிறரிடம் முகூர்த்தம் சொல்லும்போது இந்திய நேரத்தில்தான் சொல்வார். கேட்டால், ஜனங்களின் பலவீனத்தை அனுசரித்துப் போகவேண்டியிருக்கிறது என்பார்.

பிறந்த நேரத்தில் நான்கு நிமிடத்தைக்கூட யாருக்கும் விட்டுத்தர மாட்டார். எதிர்வீட்டு முத்தையா, கொப்பரை வியாபாரம் செய்து ஓய்ந்தவர், யுத்த காலத்தில் பிறந்தவர். அந்தச் சமயம் வெள்ளைக்காரன் இந்தியக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தான். அதைக் கழிக்காமலே முத்தையாவுக்கு யாரோ ஜாதகம் எழுதிவிட்டார்கள். சாமி அதைக் கண்டுபிடித்து, உங்கள் லக்னமே வேறு என்று சாவகாசமாகச் சொன்னார். எழுபது வயதுக்கு மேல் ஒரு மனிதருக்கு லக்னம் மாறினால் எப்படியிருக்கும்? இத்தனை வருஷம் தப்பான சனிக்கு எள் விளக்கு போட்டேனே என்று முத்தையா ஒரு வாரம் சாப்பாட்டில் மனம் செல்லாமல் இருந்தார். பிறகு, தான் பட்ட கஷ்டமெல்லாம் வேறு யாருக்கோ வரவேண்டியது என்று தெரிந்ததில் அவருக்கு ஒரு மாதிரி திருப்தி வந்துவிட்டது.

ஆனால் யுத்தம் முடிந்தது, அந்தக் குழப்பமும் முடிந்தது. சாமியின் உண்மையான விரோதி, வெளிநாட்டுக்காரர்கள் கோடைக்கு ஒரு நேரமும் குளிருக்கு ஒரு நேரமும் வைத்துக்கொள்வதுதான். நம் பிள்ளைகள் உலகமெங்கும் போய்க் குழந்தை பெறுகிறார்கள். அந்தக் குழந்தைகளின் ஜாதகமெல்லாம் இந்தச் சுக்கு அறைக்குத்தான் வந்து சேரும். எந்த நாடு எந்த வருஷம் எந்த ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைத் திருப்பியது என்று தெரியாமல் ஒரு கட்டம் போட முடியாது.

அதனால் நாடுகளைப் பற்றி அவர், தெருவில் உருப்படாமல் திரியும் பையன்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். மெக்சிகோ திருந்திவிட்டான், இப்போது பெரும்பாலும் மாற்றுவதில்லை. எகிப்து விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டான். மொராக்கோ நோன்பு மாதத்துக்கு மட்டும் பின்னால் போய்த் திரும்பி வருகிறான். வடகொரியா அரைமணி பின்னால் போய்க் கொஞ்ச வருஷத்தில் வெட்கப்பட்டுத் திரும்பிவிட்டான். நேபாளத்தின் மேல் மட்டும் தனி மரியாதை. நம்மைவிடக் கால் மணி முன்னால் வைத்திருக்கிறான், தன்மானம் உள்ளவன். சமோவா என்ற தீவு நாடு தேதிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தாண்டுவதற்காக ஒரு வெள்ளிக்கிழமையை முழுசாக விழுங்கிவிட்டதை அவரால் மன்னிக்கவே முடியவில்லை.

"அன்னிக்குப் பொறக்க வேண்டிய குழந்தை எங்கே போய் நிக்கும்?" என்று என்னைக் கேட்பார். நான்தான் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவள் மாதிரி.

என்னைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நான் காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் அமெரிக்க வாடிக்கையாளருக்காக வேலை செய்தேன். மார்ச் மாதம் அவர்கள் கடிகாரத்தை மாற்றினால் எங்கள் ஷிப்ட் ஒரு மணி நேரம் முன்னால் வரும். நவம்பரில் திரும்பப் போகும். அந்த ஞாயிறுகள் நெருங்கினாலே சாமி மாடி ஜன்னலில் நின்று, நான் பஸ்ஸுக்கு ஓடும்போது, மாற்றிவிட்டானா என்று விசாரிப்பார்.

அந்தக் கம்பெனியில்தான் கார்த்திக் வந்து சேர்ந்தான். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், பிறந்து வளர்ந்தது சிகாகோ. ஒரு புராஜெக்டுக்காக ஆறு மாதத்துக்கு வந்தவன், ஊர் பிடித்துப்போய்ப் போகாமல் இருந்துவிட்டான். ஊர் மட்டும் காரணமில்லை என்பது எனக்குத் தெரிய இன்னும் நான்கு மாதம் ஆயிற்று. இரண்டு வீட்டிலும் சொன்னோம். இரண்டு வீட்டிலும் சந்தோஷம். என் அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஜாதகம் பார்க்கவேண்டும், அதுவும் நம் சாமியிடம்தான் பார்க்கவேண்டும்.

அப்பாவும் நானும் மாடியேறிப் போனோம். கார்த்திக் பிறந்த தேதி, அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு. நேரம், விடியற்காலை ஒண்ணே முக்கால். ஊர், சிகாகோ. சாமி ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டு வந்தவர், சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"எந்த ஒண்ணே முக்கால்?" என்றார்.

"விடிகாலை ஒண்ணே முக்கால்" என்றார் அப்பா.

"அது சரி. எந்த ஒண்ணே முக்கால்?"

"ஒண்ணே முக்கால்ல எந்த ஒண்ணே முக்கால்னு உண்டா, சாமி?"

உண்டு என்று சாமி விளக்கினார். இப்போது அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் தள்ளுகிறார்கள். கார்த்திக் பிறந்த காலத்தில் அதை அக்டோபர் கடைசி ஞாயிறு செய்வார்கள். விடியற்காலை இரண்டு மணி ஆனதும் கடிகாரத்தை மறுபடி ஒரு மணிக்குக் கொண்டுபோவார்கள். ஆகவே அன்றைக்கு ஒண்ணே முக்கால் ஒருமுறை வந்து, போய், ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை வந்தது. இரண்டுக்கும் நடுவில்தான் நட்சத்திரம் மாறுகிறது. முதல் ஒண்ணே முக்காலுக்குப் பிறந்திருந்தால் பையன் கார்த்திகை, என்னுடைய திருவோணத்துக்கு நன்றாகப் பொருந்தும். இரண்டாவதுக்குப் பிறந்திருந்தால் ரோகிணி. ரோகிணிக்கும் திருவோணத்துக்கும் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை. அது இல்லையென்றால் எங்கள் வீட்டில் கல்யாணமே இல்லை.

அப்பா சுக்கு நெடியில் ஒரு தும்மல் தும்மினார். பிறகு மெதுவாக, முதலாவது என்றே எழுதிவிடலாமே என்றார். சாமி அவரைப் பார்த்த பார்வையில் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

மறுநாள் காலை சிகாகோவுக்கு வீடியோ கால் போட்டோம். அங்கே முந்தின நாள் சாயங்காலம். சாமி பிரசவ அறையில் சுவர்க்கடிகாரம் இருந்ததா, யாராவது அதைத் திருப்பினார்களா என்று விசாரிக்க ஆரம்பித்தார். கார்த்திக்கின் அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சாமி, நான் அப்போ கடியாரம் பாக்கற நிலையிலயா இருந்தேன்?" என்றார். அவன் அப்பா வராந்தாவில் மெஷினில் காபி எடுத்துக் குடித்ததாகவும், இரண்டு காபி குடித்ததாகவும் சொன்னார். சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். குழந்தை முதல் காபிக்கா, இரண்டாவது காபிக்கா? அவருக்கு அது நினைவில்லை. காபி மோசமாக இருந்தது மட்டும் நினைவிருந்தது. கார்த்திக், தானும் அங்கேதான் இருந்ததாகவும் ஆனால் சரியாகக் கவனிக்கவில்லை என்றும் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. முதல் ஒண்ணே முக்கால் கட்சி, இரண்டாம் ஒண்ணே முக்கால் கட்சி என்று இரண்டு பிரிவானது. முத்தையா இரண்டாம் கட்சி, தான் ஒருவன் மட்டும் ஏமாந்தால் போதாது என்ற எண்ணமாக இருக்கலாம். ஆட்டோ ஸ்டாண்டு சேட்டன்கள் சாமி தெருவில் இறங்கினாலே, "சாமி, ஏது ஒண்ணே முக்காலா? தீருமானம் ஆயோ?" என்று முடிவைக் கேட்பார்கள். அப்பா சாமியோடு பேசுவதை நிறுத்தினார். வீட்டில் அம்மா யாரையும் பார்க்காமல் பாத்திரம் தேய்த்தாள். கார்த்திக்கிடம் நான் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. எதற்கும் சிரிக்கிற பையன் ஆபீஸ் கேன்டீனில் சாயாவை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, சிகாகோ மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஒரு சாயங்காலம் நானே மாடியேறிப் போனேன். கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. சாமி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்து சில நாள் ஆனதுபோல இருந்தது.

"வித்யா, உனக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு, மாமா."

"அவன் ரெண்டாவது ஒண்ணே முக்காலுக்குப் பொறந்தவனா இருந்தா?"

"அப்பவும் பிடிக்கும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே கிடங்கில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுந்தபோது, "பேடிக்காதே, போ" என்றார். பயப்படாதே என்பதைக் கொஞ்சம் மலையாளமாகச் சொன்னார், அவ்வளவுதான். படி இறங்கும்போது என் கால் லேசாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். கார்த்திக்கையும் வரச் சொல்லியிருந்தார். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். சாமி உட்காரவில்லை. கூடத்தின் நடுவில் நின்று, "எனக்குத் தெரியலை" என்றார்.

பேப்பர் இறங்கியது.

"எந்த ஒண்ணே முக்கால்னு எனக்குத் தெரியலை. இனிமே தெரியப் போறதும் இல்லை. பொறந்த நேரம் தெரியாதவாளுக்கு, பேரோட முதல் எழுத்தை வெச்சுப் பொருத்தம் பாக்கலாம்னு வழக்கம் உண்டு. 'கா'வுக்கு மிருகசீரிடம். திருவோணத்துக்குப் பொருந்தறது. கல்யாணத்தைப் பண்ணுங்கோ."

அப்பாவுக்குச் சந்தோஷமும் எரிச்சலும் ஒரே சமயத்தில் வந்தன. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே, சாமி?"

"சொல்லியிருக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியலைன்னு சொல்லணுமே. அதுக்குத்தான் இத்தனை நாள் ஆச்சு."

பெயரை வைத்துப் பார்த்தால் உலகத்தில் இருக்கிற அத்தனை கார்த்திக்குக்கும் காமராஜுக்கும் ஒரே நட்சத்திரம்தான் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். நான்கு நிமிடம் விட்டுத்தராதவர், முழுக் கடிகாரத்தையே தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வந்து நின்றார். அம்மா காபி கொண்டுவந்தாள். கார்த்திக் எழுந்து தன் நாற்காலியை அவருக்குப் போட்டான். நான் சமையலறைக்குப் போய், தேவையே இல்லாமல் இன்னொரு முறை பால் காய்ச்சினேன்.

கல்யாணம் ஆகி நாங்களும் மட்டாஞ்சேரியிலேயே வீடு பார்த்துக்கொண்டோம். கார்த்திக்கும் சாமியும் இப்போது நெருங்கிய தோழர்கள். மாலையில் ஒரு தட்டுப் பழம்பொரியை நடுவில் வைத்துக்கொண்டு உலக நாடுகளைத் திட்டுவார்கள். ஒரு நாள் கார்த்திக் பேச்சுவாக்கில், அமெரிக்காவிலேயே அரிசோனா என்று ஒரு மாநிலம் உண்டு, அங்கே அநேகமாக யாரும் கடிகாரத்தைத் தொடுவதில்லை என்றான். அவன் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. சாமிக்கு அது தெரிந்ததுதான். ஆனால் அங்கே மனுஷன் போய்வரலாம் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அதிலிருந்து அரிசோனா போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் செய்தி போய்விட்டது. அங்கே பிரமாதமான பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்கவா என்று கேட்டேன்.

"பள்ளம் எல்லாம் எதுக்கு? மார்ச் மாசம், மத்தவா எல்லாரும் மாத்தற ஞாயித்துக்கிழமை, அங்கே ஒரு பெஞ்சுல சும்மா உக்காந்திருக்கணும். ஒண்ணும் நடக்கப்படாது. அதைப் பாக்கணும்" என்றார்.

பாஸ்போர்ட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. முட்டி வலி தேறட்டும், மழை விடட்டும் என்று ஒவ்வொரு காரணம் சொல்கிறார். போன வருஷம் சிகாகோவுக்கு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தபோது, அரிசோனாவில் இருக்கும் கார்த்திக்கின் அத்தை அங்கேயும் வந்துவிட்டுப் போகச் சொல்லி வருந்தி அழைத்தார். இன்னொரு தடவை வருகிறோம், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டோம்.