இரண்டரை சென்ரிமீற்றர்

விதி தெளிவானது. தைரொயிட் சுரப்பியில் கட்டி இருந்தால் ஸ்கானில் அதன் தோற்றத்துக்குப் புள்ளி போட்டு, ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிப்பார்கள். ஐந்தாம் தரம் புற்றுநோய்ச் சந்தேகம் கூடியது. ஒரு சென்ரிமீற்றர் இருந்தாலே ஊசி குத்திக் கட்டியின் உயிர்க்கலங்களை எடுத்துச் சோதிக்க வேண்டும். மூன்றாம் தரம் என்றால் இரண்டரை சென்ரிமீற்றர் வரும்வரை ஊசி வேண்டாம். என் அரச சேவைக் காலத்தில் இவ்வளவு ஒழுங்கான விதியை நான் கண்டதில்லை. அதை முறியடிக்கத்தான் பாடுபட்டேன்.

கட்டி என் மனைவி பரமேசுவரியின் கழுத்தில். மூன்றாம் தரம், ஒன்று தசம் எட்டு சென்ரிமீற்றர். யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் இளம் டொக்டர் விதியை விளக்கி, வருடம் கழித்து ஸ்கானோடு வரச் சொன்னார். எங்கள் ஊரான சரவணைக்குத் திரும்பும் பஸ்ஸில் பரமேசுவரி நிம்மதியாக நித்திரையாகிவிட்டாள். எனக்கு நித்திரை வரவில்லை. (எத்தனையோ பேரைப் 'பிறகு வாருங்கோ' என்று அனுப்பியவன் நான். அதன் பொருள் எனக்குத் தெரியாதா?)

சுகாதார அமைச்சுக்கு மேன்முறையீடு எழுதினேன், இணைப்புகளுடன். பதில் இல்லை. பழைய சக உத்தியோகத்தர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தேன்; அவர் தனக்கு மேலே ஒருவரைப் பிடித்தார். அடுத்த வாரமே ஊசிக்கு இடம் கிடைத்தது. பரமேசுவரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் மேன்முறையீட்டில் அப்படி ஒரு படிநிலை கிடையாது.

ஊசிக்குப் போன அன்று, கிளினிக்கில் காத்திருப்போர் வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் ஊர்காவற்றுறை மேரி அக்கா இருந்தார். கணவர் கடல் தொழில். அவருக்கு ஐந்தாம் தரம், ஒன்றரை சென்ரிமீற்றர். அன்றைக்கு ஊசிக்கு வரச் சொல்லிவிட்டு, வந்த பிறகு, அந்த இடம் யாரோ மேலிடத்து ஆளுக்குப் போய்விட்டதென்று அடுத்த கிழமை வரச் சொன்னார்களாம். பஸ்ஸுக்குக் காத்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இப்படியான அநீதிக்கு எதிராக முறையிடும் வழியை அவருக்கு விளக்கத் தொடங்கினேன். முதற்படியாக அந்த மேலிடத்து ஆள் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும் என்றேன்.

தாதி வெளியே வந்தார். "மேலால சொல்லி வந்த பரமேசுவரி ஆர்?"

பரமேசுவரி எழும்பினாள். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு மேரி அக்காவின் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"மிஸ், இந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. எனக்கு ஒண்டு தசம் எட்டுத்தான்."

"மேலால சொன்னது அம்மா. நாங்கள் மாத்த ஏலாது."

"மேலால சொல்லுவிச்சவர் இந்தா இருக்கிறார். அவரைக் கேளுங்கோ. ஊசி அவருக்குத்தான் தேவை."

வாங்கு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. எல்லா நடைமுறையும் அறிந்தவன் நான். ஆனால் வென்ற மேன்முறையீட்டை வாபஸ் வாங்கும் நடைமுறை எங்கும் எழுதப்படவில்லை. "ஓம்" என்றேன். பிரதி இல்லாமல் நான் வழங்கிய முதல் அனுமதி அது.

மேரி அக்காவுக்கு அந்த ஊசி உண்மையிலேயே தேவைப்பட்டிருக்கிறது; கட்டி புற்றுநோய் என்று காட்டியது அதுதான். சத்திரசிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறார். பரமேசுவரிக்கு இன்றும் ஊர்காவற்றுறையிலிருந்து நண்டு வருகிறது. (எனக்கென்று வருவதில்லை. குழம்பில் பங்கு உண்டு.)

மின்வெட்டோ, குறிகட்டுவான் படகில் இடமில்லாததோ, எதைப் பற்றி முறையிட நான் பேனையைத் திறந்தாலும் பரமேசுவரி குசினி அடுப்படியிலிருந்து, "எத்தினை சென்ரிமீற்றர்?" என்று கேட்பாள். இரண்டரைக்குக் குறைவென்றால் பேனையை மூடிவிட வேண்டும். கனடாவிலிருக்கும் மகளும் இப்போது தொலைபேசியில் அதையே கேட்கிறாள்.

வருடம் கழித்து எடுத்த ஸ்கானிலும் கட்டி அதே ஒன்று தசம் எட்டுத்தான். வீடு திரும்பினால், கதவடியில் அமைச்சின் கடிதம். என் கோரிக்கை நியாயமானதாம்; நோயாளியை ஊசிக்குத் தாமதமின்றி அழைத்து வரட்டாம். பரமேசுவரி இரண்டு விரல்களால் அந்த ஒன்று தசம் எட்டை அளந்து காட்டினாள். நான் பதில் எழுதவில்லை; பழக்கதோஷத்தில் உறையின் ஓரத்தில் கடிதம் கிடைத்த நாளை மட்டும் குறித்துவைத்தேன்: ஆனி மாதம், நயினாதீவு அம்மன் கோயில் கொடியேற்றத்துக்கு முதல் நாள்.